ஜோயலின் குழிக்கு முறை வந்தபோது

ஆரியசாலைக் கடைத்தெருவில் அந்தக் கடைக்குள் காலை வைத்ததும் எனக்கு வந்தது ஜெபம் இல்லை, தும்மல். மிளகாய் வத்தல் மொத்தக் கடை. தெருவில் போகிறவர்களுக்கே மூக்கு எரியும். ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்திருந்ததால் முன்பக்கம் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். நெடி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது.

என் வெள்ளைக் காலரைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்த தும்மல். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம், மின்விசிறியைக் கூட்டிவைத்தார். அது இன்னும் மோசம்.

உள்ளே சாக்கு விரித்துப் பெண்கள் சிலர் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் மார்த்தாள். எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்தவள், ஐம்பது வயது தாண்டியவள், புருஷன் இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த வத்தலை ஒதுக்கிவைத்தாள், அவ்வளவுதான். வேலை செய்கிற இடத்துக்கே போதகர் தேடிவந்தால் அது நல்ல சேதியாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நான் கேட்க வந்தது இது. அன்று காலையில் தங்கராஜ் என்கிற எங்கள் சபைக்காரர் இறந்துபோயிருந்தார். அவரை அடக்கம் செய்ய, கல்லறைத் தோட்டத்தில் அடுத்த முறை வந்திருந்த குழி மார்த்தாளின் மகன் ஜோயலுடையது. ஜோயல் செத்தது தங்கராஜின் வேனுக்குப் பின்னால் நசுங்கி.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு எந்த வேதாகமக் கல்லூரியிலும் யாரும் சொல்லித்தரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்திக்கொள்ள ஒரு காரணம் இருந்ததில் நிம்மதிகூட.

செத்தவர்களுக்கும் இடமில்லை

கேரளத்துக்கு வெளியே இருந்து இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டம் நகரத்துக்கு நடுவில், ஒரு மதிலுக்குள் அடங்கியது. மூன்று பக்கமும் வீடுகள். மாடியில் துணி காயப்போடுகிற பெண்கள் அடக்க ஆராதனையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கலாம். சிலர் பாட்டுக்கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள்.

வசதியுள்ள குடும்பங்கள் எப்போதோ சிமெண்டுக் கல்லறை கட்டிக்கொண்டுவிட்டன. மற்றவர்களுக்கு மண் குழிதான். மண் குழி யாருக்கும் சொந்தமில்லை. வரிசையாகத் தோண்டிக்கொண்டே போவார்கள், வரிசைகள் முடிந்தால் மறுபடியும் பழைய குழியிலிருந்து தொடங்குவார்கள். உள்ளே மிஞ்சியிருக்கிற எலும்பை எடுத்து வெள்ளைத் துணியில் கட்டி, புதிதாக வருகிறவரின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவது வழக்கம். அது வேண்டாம் என்கிறவர்களுக்கு மூலையில் அஸ்திக்குழி இருக்கிறது, கிணறு மாதிரி ஆழமாக, சிமெண்டு மூடி போட்டு.

இதைத்தான் நாங்கள் முறை என்கிறோம். முறை வந்தால் பழைய குழிக்காரர்களின் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து தங்கள் கையால் சிலுவையைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குழி வெட்டுகிற சுகுமாரன் மண்வெட்டியை வைப்பார். மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் யாரும் சொன்னதில்லை. நாளைக்கு நமக்கும் இன்னொருத்தர் இடம் விட்டாக வேண்டுமே என்கிற பயம்தான் காரணம், பக்தி என்று நான் சொல்லமாட்டேன்.

ஜோயலின் முறை வர இன்னும் பல வருஷம் இருந்தது. மார்த்தாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், தன் காலம் முடிந்த பிறகுதான் அது வரும் என்று. இடையில் கொள்ளைநோய் வந்துபோனது. அந்த நாட்களில் புதைத்த வரிசையை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. முறை அந்த வரிசையைத் தாண்டிக் குதித்தது. குதித்த இடத்தில் ஜோயல் இருந்தான்.

இங்கே வருவதற்கு முன்பு கொஞ்ச காலம் போனக்காட்டில் ஊழியம் செய்தேன். தேயிலை மலை. அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, சரிவு முழுக்கக் கல்லறை. புதைத்தவர்களைப் பார்க்கத்தான் ஆளில்லை, பிள்ளைகள் எல்லாம் மலை இறங்கிப் போய்விட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு தொழிலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். தன்னை ரோட்டுப் பக்கமாக வைக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவர்களாவது பார்ப்பார்கள் என்றார். அப்படியே வைத்தோம். பிற்பாடு அந்த பஸ் பெரும்பாலும் காலியாகத்தான் போனது.

அங்கே இடம் இருந்தது, வருகிற ஆள் இல்லை. இங்கே மார்த்தாள் மாதம் தவறாமல் வந்து மகனின் குழிமேல் புல் பிடுங்குகிறாள், இடம் இல்லை. கர்த்தருடைய கணக்கு சில நேரம் எனக்குப் புரிவதே கிடையாது.

கடைசி பெஞ்சு

ஜோயல் இறந்தது நான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால். சொல்லக் கேட்டதுதான். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், அதனால் நம்புகிறேன்.

சாலை என்கிற கடைத்தெருவில் அவன் லோடு இறக்குகிற வேலையில் இருந்தான். தங்கராஜ் சொந்த வேனில் நாகர்கோவிலிலிருந்து சரக்கு கொண்டுவருவார். ஒரு நாள் காலையில் குறுகலான சந்துக்குள் வேனைப் பின்னால் எடுத்தார். ஜோயல் வேனுக்கும் கடையின் இரும்பு ஷட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். நின்றுகொண்டிருந்தவர்கள் கத்தியும் வண்டி நிற்கவில்லை.

அப்படிக் கத்தினவர்களே பிறகு போலீசில், பையன்தான் பார்க்காமல் குறுக்கே வந்தான் என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் சபைக்காரர்கள். தங்கராஜும் சபைக்காரர், அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், போனவன் திரும்பி வரப்போகிறானா என்று பேசி முடித்துவிட்டார்கள். வழக்கு விபத்து என்று மூடப்பட்டது. ஜோயலுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அதற்குப் பிறகு தங்கராஜ் மார்த்தாளின் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. கோயிலுக்கு மட்டும் தவறாமல் வந்தார். பாடகர் குழுவில் நல்ல கனத்த குரல். காணிக்கைப் பை எடுக்கிறவர்களில் அவரும் ஒருவர். நீளக் கைப்பிடி போட்ட சிவப்பு வெல்வெட் பையைக் கடைசி பெஞ்சுவரை கொண்டுவந்து மார்த்தாளின் முன்னாலும் நீட்டுவார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் போடுவாள்.

எங்கள் ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற இடம் ஒன்று உண்டு. எல்லாரும் திரும்பித் திரும்பிக் கைகூப்புவார்கள். தங்கராஜ் அந்த நேரத்தில் பாடகர் குழுவிலிருந்து முழுக்கத் திரும்பி நின்று, கோயிலின் அந்தக் கோடியிலிருக்கிற மார்த்தாளைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போடுவார். அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். சபை இரண்டு பேரையும் பார்க்கும். அவருக்கு எவ்வளவு தாழ்மை, இவளுக்கு எவ்வளவு வீம்பு என்று பேசும்.

கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறதே, அந்த இடத்தில் மார்த்தாள் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். திருவிருந்துக்கு எழுந்து வரமாட்டாள். மனதில் கசப்பு உள்ளவர்கள் பந்திக்கு வரக்கூடாது என்பது எங்கள் சபையின் பழைய வழக்கம். கொன்றவர் மாதாமாதம் முன்னால் வந்து முழங்கால் போட்டு அப்பம் வாங்கினார். பறிகொடுத்தவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மாதர் சங்கத்திலிருந்து பெண்கள் கூட்டமாக அவள் வீட்டுக்குப் போய், அவளுடைய கடின இருதயம் இளக வேண்டும் என்று மணிக்கணக்கில் ஜெபித்திருக்கிறார்கள். ஒருத்தராவது தங்கராஜின் வீட்டுக்குப் போய் அவருடைய இருதயத்துக்காக ஜெபித்ததாக நான் கேள்விப்படவில்லை. மன்னிப்பு என்றால் எங்கள் சபையில் எப்போதும் அடிபட்டவர் செய்ய வேண்டிய வேலை. இடித்தவருக்கு வேலையே கிடையாது. இதை நான் பிரசங்கத்திலும் சொல்லியிருக்கிறேன். நல்ல பிரசங்கம் ஐயா என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள், தங்கராஜ் உட்பட.

ஒருமுறை நானே மார்த்தாளிடம் திருவிருந்து பற்றிக் கேட்டேன். வந்தால் அந்த ஆளின் பக்கத்தில் முழங்கால் போட வேண்டிவரும், பொய்யாக முழங்கால் போடத் தனக்குத் தெரியாது என்றாள். என் சபையில் திருவிருந்தை அவள் அளவுக்கு மதித்தவர்கள் குறைவு என்று அன்றைக்குத் தோன்றியது.

மேலே சொல்லியாச்சு

போன வாரம் ஒரு வாசகர் போனில் கூப்பிட்டார். ஐயா, நீங்கள் கர்த்தரைப் பற்றி எழுதாமல் ஆட்களைப் பற்றியே எழுதுகிறீர்களே, ஜெபத்தைப் பற்றி ஏதாவது எழுதக்கூடாதா என்று குறைபட்டார். சரி, எழுதுகிறேன்.

தங்கராஜுக்கு ஈரல் கெட்டுப்போய் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். கண் இரண்டும் மஞ்சள். மனைவி புஷ்பம் கட்டிலின் காலடியில் நின்றாள். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். வேதம் வாசித்தேன். பிறகு புஷ்பத்தைக் காப்பி வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் குனிந்து, யாரிடமாவது சொல்ல வேண்டியது ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு இரண்டு பேருக்கும் விளங்கியது.

தங்கராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாம் கர்த்தர்ட்ட சொல்லியாச்சு, ஐயா. அவரு மன்னிச்சிட்டாரு. எனக்கு நல்ல சமாதானம் உண்டு” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. சாகப்போகிற மனிதனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மேலே சொல்லியாச்சாம். அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. ஜெபத்தை வைத்து மனிதர்கள் செய்கிற தந்திரங்களில் இதைவிட மோசமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரனின் காலை மிதித்துவிட்டு முதலமைச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவது போலத்தான்.

மார்த்தாளைப் பார்க்க வேண்டுமா, நான் அழைத்துவரட்டுமா என்று வெளிப்படையாகவே கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, களைப்பாக இருக்கிறது என்றார். புஷ்பம் காப்பியோடு வந்துவிட்டாள். நான் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்தேன். அந்த ஜெபத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. என் உதடு மட்டும்தான் ஜெபித்தது.

அந்த வாசகருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

கடையில்

தங்கராஜ் இறந்த காலையில் கமிட்டி கூடியது. ஜோயலுக்கு அடுத்த குழி வளைகுடாவில் இருக்கிற ஒரு குடும்பத்துடையது, போன் எடுக்க ஆளில்லை. தங்கராஜின் குடும்பம் இருப்பது வாடகை வீடு. சின்ன முன்னறையில் ப்ரீஸர் பெட்டியை வைத்ததும் ஆள் நுழைய இடமில்லை. வீட்டுக்காரர் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்தார். முறையை ஒருத்தருக்காக மாற்றினால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேட்பார்கள் என்றார் செயலாளர் ஜெயசிங்.

ஜெயசிங் கெட்ட மனிதர் இல்லை. கோயில் கூரை ஒழுகினால் நனைந்துகொண்டே ஏறிப் பார்க்கிறவர். ஆனால் எந்தக் காரியமும் சத்தமில்லாமல் முடிந்துவிட வேண்டும் அவருக்கு. குரலைத் தாழ்த்தி, மார்த்தாளிடம் சொல்லாமலே தோண்டிவிடலாம், இந்த மழையில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றார். அது மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் இல்லை என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அப்படித்தான் அந்த வத்தல் கடையில் வந்து உட்கார்ந்திருந்தேன். வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை மார்த்தாள் நிமிரவில்லை. முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, சொன்னால் நான் உன் பக்கம் நிற்பேன் என்றும் சொன்னேன். மற்றப் பெண்களின் கை நின்றுவிட்டது. அவள் கை மட்டும் வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளி, எடுத்துக் கிள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

“நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்கல்லா, ஐயா?”

போனேன் என்றேன்.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாகிறவன் உன்னை நினைத்து அழுதான் என்று சொன்னால் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் முடியவில்லை.

“இல்லம்மா. ஒண்ணும் சொல்லல.”

அவள் கை நின்றது. கையால் கண்ணைத் தொட முடியாதே, வத்தல் எரியுமே. தோளை உயர்த்தி ஜாக்கெட் கைத்துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் துடைப்பார்கள். தார்ப்பாயில் மழை அடிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு சொன்னாள். “தோண்டட்டும். வீட்டுக்குள்ள பிரேதத்தப் போட்டுட்டுக் காத்துக் கெடக்கது என்னன்னு எனக்குத் தெரியும். புஷ்பம் என்ன பாவம் செஞ்சா? ஆனா என் பிள்ளைய அந்தாளுக்கக் கால்மாட்டுல வைக்கப்பிடாது. நானே எடுப்பேன், கேட்டேளா. வேற ஒருத்தரும் தொடப்பிடாது.”

சரி என்றேன். கடைக்காரர் அவளை உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார். அந்தச் சாக்கை முடித்துவிட்டுப் போகிறேன் என்று அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

கை கழுவியது

குழி திறக்கும்போது பெண்கள் கிட்டே வருகிற வழக்கமில்லை என்று ஜெயசிங் முணுமுணுத்தார். இன்றைக்கு வருவாள் என்றேன்.

மறுநாள் காலையில் மழை சன்னமாகப் பெய்தது. சுகுமாரன் நாலு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார். மார்த்தாள் வெள்ளைச் சேலையில் வந்தாள். வந்ததும் குழிப் பக்கம் போகவில்லை. வாசலுக்குப் பக்கத்திலிருக்கிற குழாயடிக்குப் போனாள். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் எடுத்து இரண்டு கையிலும் முழங்கைவரை தேய்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு. நகத்தின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கை சுத்தமாகத்தானே இருக்கிறது என்றேன்.

“வத்தல் காந்தல் அவ்வளவு சீக்கிரம் போவாது, ஐயா. அவன் கைப்பிள்ளையா இருக்கும்போ ஒரு நாளு கழுவாம தூக்கிட்டேன். ஊரையே கூட்டிட்டான் கத்தி.”

அதற்குப் பிறகு நான் தள்ளிப்போய் மதிலைப் பார்த்து நின்றேன். போதகர்கள் கல்லறையில் அழக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் அழுதால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு நம்மைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

இரும்புச் சிலுவையை அவளே அசைத்துப் பிடுங்கினாள். சுகுமாரன் தோண்டினார். செம்மண் நனைந்து கனத்திருந்தது. போதுமான ஆழம் வந்ததும் அவர் மேலே ஏறி, என்னை அச்சன் என்று கூப்பிட்டு, இனி அம்மா இறங்கட்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கைகொடுத்தேன், அவள் இறங்கினாள்.

அவளுடைய மகனின் எலும்புகள் மண்ணின் நிறத்துக்கே மாறியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துணியில் வைத்தாள். அழவில்லை. சட்டைப் பட்டன்கள் மட்டும் கெடாமல் வெள்ளையாகக் கிடந்தன. அதையும் பொறுக்கினாள். ஒரு பட்டன் நீலம். அன்றைக்கு அவசரத்தில் அதுதான் கையில் கிடைத்தது, அதை வைத்துத் தைத்துக் கொடுத்தேன் என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் புஷ்பம். புருஷனின் பிரேதத்தை வீட்டில் விட்டுவிட்டு மனைவி வெளியே வருவது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். குடைகூட இல்லை. நேராகக் குழியின் விளிம்புக்கு வந்து சேற்றில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அன்னைக்கு அவரு காலையிலயே குடிச்சிருந்தாரு. நான் சாவிய ஒளிச்சு வச்சேன். அடிச்சுப் புடுங்கிட்டுப் போனாரு. நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. உங்க மொகத்தப் பாத்துட்டே இத்தன நாளும் கோயிலுக்கு வந்தேன்.”

மார்த்தாள் குழிக்குள் நின்றபடி அவளைப் பார்த்தாள். தெரியும் என்று மட்டும் சொன்னாள். அந்தச் சந்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும், அவர்கள் சொல்லாததால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. துணியின் நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

நான் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். அஸ்திக்குழியின் மூடியைச் சுகுமாரன் நகர்த்தினார். அங்கேயே போடட்டும், உள்ளே நாலு பேர் கிடக்கிறார்களே, தனியாகப் படுக்க அவனுக்கு எப்போதும் பிடிக்காது என்றாள் மார்த்தாள். கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினோம். கயிறு தளர்ந்ததும் ஜெபம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது புஷ்பம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மார்த்தாள் அவளைக் கடந்து போகப் பார்த்தாள். பிறகு நின்றாள். வெறும் கை இரண்டையும் சேலையில் துடைத்துக்கொண்டே பேசினாள், புஷ்பத்திடமா என்னிடமா என்று தெரியவில்லை.

“எல்லாரும் நான் மன்னிக்க மாட்டேன்னு சொன்னாங்க. அப்படியில்ல. அவரு வந்து ஒரு வார்த்த கேட்டா குடுத்துரலாம்னுதான் வச்சிருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னைக்குக் கேப்பாரு, இன்னைக்குக் கேப்பாருன்னு வந்து உக்காந்தேன். கேக்காமலே போயிட்டாரு. இனி அந்த மன்னிப்ப நான் எங்க கொண்டு வைக்க, ஐயா?”

ஊழியத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். கர்த்தரிடம் வை என்று சொல்ல வாய் வந்தது. தங்கராஜும் அங்கேதானே கொண்டுபோய் வைத்தார் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மிஞ்சிய அப்பம்

மத்தியானம் தங்கராஜை அந்தக் குழியில் அடக்கம் செய்தோம். பாடகர் குழு பாடியது, கனத்த குரல் ஒன்று குறைந்திருந்தது. மார்த்தாள் வரவில்லை. கடைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரமே ஜெயசிங் என்னிடம் வந்தார். சபையில் எல்லாரும் நெகிழ்ந்துபோயிருக்கிறார்கள், மார்த்தாள் மன்னித்துத் தன் மகனின் குழியையே கொடுத்துவிட்டாள், திருவிருந்து ஞாயிறன்று அவளைச் சாட்சி சொல்ல வைத்தால் வாலிபர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது அவருக்கு. அவள் குழியைத்தான் கொடுத்தாள், மன்னிப்பை வாங்க யாரும் வரவில்லை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டுமானால் அந்தச் சந்தில் நின்றவர்கள் வந்து சொல்லட்டும் என்றேன். அது விளங்கியது. முகம் சுண்டிப்போய்க் கிளம்பிவிட்டார்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. கர்த்தருடைய ஜெபத்தில் அந்த வரி வந்தபோது வழக்கம்போல மார்த்தாளின் குரல் நின்றது. எனக்குப் பழகிய இடைவெளி அது. அன்று இடைவெளி கொஞ்சம் பெரிதாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மார்த்தாள் இருந்த கடைசி பெஞ்சின் மறுகோடியில் புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று ஆள் உட்காரலாம். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை.

வரிசை வரிசையாக எழுந்து வந்தார்கள். இத்தனை காலம் புருஷனோடு முன்னால் வந்த புஷ்பம் எழுந்திருக்கவில்லை. நடு வரிசையில், ஜோயல் செத்த அன்று அந்தச் சந்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் பாதி எழுந்து, திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரோடு சேர்ந்து போலீசில் சொன்ன மற்றவரும் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி ஏன் என்று கேட்பது தெரிந்தது. பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் சிலரும் வரவில்லை. அவர்களுக்கு என்ன காரணமோ, நான் விசாரிக்கவில்லை.

பீடத்தில் எனக்கு உதவியாக நின்ற ஜெயசிங் என் காதோரம் குனிந்தார். “ஐயா, இது பரவிரும் போல இருக்கே.”

“பரவட்டும்” என்றேன்.

தட்டில் அப்பம் நிறைய மிஞ்சியது. மிஞ்சியதை வீசக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, போதகரே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும் என்பது முறை. பாட்டு முடிந்த பிறகும் அவ்வளவையும் நின்றபடி சாப்பிட்டேன். காய்ந்துபோன அப்பம், தொண்டையில் இறங்க நேரமெடுத்தது. கடைசி பெஞ்சிலிருந்து மார்த்தாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.